சர்க்கரைப் புண்ணுக்குப் புதிய தயாரிப்பு: எந்த வழியில் இறங்குவது?

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னது. சர்க்கரை உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் வரும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. அதனால்தான் மருந்துக் கம்பெனிகள், பொறியியல் கல்லூரி இன்குபேட்டர்கள், உயிரித் தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று பலரும் இந்தத் துறைக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் வரும்போதே கையில் ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள்: ஒரு ஜெல், ஒரு நானோ இழை, ஒரு மூலிகைச் சாறு. அதற்கேற்ற புண்ணைப் பிறகு தேடுகிறார்கள். பணமும் வருடங்களும் வீணாவது இங்கேதான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழு சிறியது, பணம் குறைவு என்றால் பாதத்தின் மீது விழும் அழுத்தத்தை எடுக்கிற சாதனத்தைச் செய்யுங்கள். பாலிமர் தெரிந்தவர்கள் டிரெஸ்ஸிங் பக்கம் போகலாம், ஆனால் எதை நிரூபிக்கப்போகிறோம் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். மூலிகை வழி திறந்துதான் இருக்கிறது. பலரும் நினைப்பதைவிட அது நீளமானது. வளர்ச்சிக் காரணி (செல்களை வளரத் தூண்டும் புரதம்) ஜெல்லும், ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள தோலும் பெரிய மூலதனமும் பொறுமையும் உள்ளவர்களுக்கானவை. இப்படிச் சொல்வதற்கான காரணங்களைத்தான் கீழே ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறோம். பேச்சு முழுவதும் உள்ளங்கால் சர்க்கரைப் புண்ணைப் பற்றியது. வேரிகோஸ் புண்ணுக்குக் கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் இறுக்கக் கட்டுதான் அடிப்படை வைத்தியம். படுக்கைப் புண்ணுக்கு இடம் மாற்றிப் படுக்கவைப்பது. அவற்றின் கணக்கு வேறு.

முதலில், எதை வெல்ல வேண்டும்?

உள்ளங்கால் புண் ஆறாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் தோல் காரணமில்லை. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாது. வலி தெரியாததால் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மிதிப்பு விழுகிறது. ஓரத்தில் காய்ப்பு கட்டி அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. இதோடு ரத்த ஓட்டக் குறைவோ எலும்பு வரை போன கிருமியோ சேர்ந்தால் புண் மாதக்கணக்கில் நிற்கும். ஆக, தயாரிப்பு எதுவானாலும் இந்தக் காரணங்களில் எதைத் தொடுகிறது என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல சோதனைகளில் வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்ற நோயாளிகளைச் சேர்த்து 1999-இல் மார்கோலிஸ் குழு கணக்கிட்டபோது, 12 வாரத்தில் ஆறியவை 24 சதவீதம், 20 வாரத்தில் 31 சதவீதம். அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் குழு 2001-இல் வெளியிட்ட சோதனையில், பாதத்தோடு முழுதும் ஒட்டி நிற்கும் மாவுக்கட்டு போட்டவர்களில் 12 வாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குப் புண் மூடிவிட்டது. கழற்றக்கூடிய வாக்கர் பூட்ஸ் போட்டவர்களில் 65, அரைச்செருப்பு (பாதத்தின் பின்பாதிக்கு மட்டும் அடித்தட்டு உள்ளது) போட்டவர்களில் 58. இந்தச் சோதனையில் சேர்ந்தவை ஆழமில்லாத, கிருமி இல்லாத, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள புண்கள்தான்; ஆகவே மேலே சொன்ன 24-உடன் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரே சோதனைக்குள் மாவுக்கட்டுக்கும் அரைச்செருப்புக்கும் இடையே 30 சதவீதப் புள்ளி வித்தியாசம் வந்தது. இதுவரை வந்த எந்த ஜெல்லும் எந்தத் தோலும் பெரிய சோதனையில் இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டியது அரிது.

அழுத்தம் எடுக்கும் சாதனம்

இந்த மாவுக்கட்டு முறை நம் மண்ணோடு உறவுள்ளது. 1930-களில் இலங்கையில் மில்ரோய் பால், இந்தியாவில் ஜோசப் கான் ஆகியோர் தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோய் அறுவை சிகிச்சையில் பேர் பெற்ற பால் பிராண்ட், 1960-களில் இதை அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரவியது.

கட்டு போடும் முறையைக் கூர்ந்து பார்த்தால் புதிய சாதனத்தில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பது புரியும். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலையும் கணுக்காலையும் 90 டிகிரியில் வைப்பார்கள். காய்ப்பையும் செத்த சதையையும் வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய டிரெஸ்ஸிங் வைப்பார்கள். விரல்களுக்கு இடையே பஞ்சு, மேலே துணி உறை. கணுக்கால் முட்டிகளிலும் முன்கால் எலும்பு விளிம்பிலும் சுமார் 6 மி.மீ. தடிமனில் ஃபெல்ட், விரல்களைச் சுற்றி நுரைப் பஞ்சு. மற்ற இடத்தில் அதிகம் பஞ்சு வைக்க மாட்டார்கள். முதல் மாவு அடுக்கை உள்ளங்காலின் மேடு பள்ளம் முழுவதும் கையால் தேய்த்துப் படியவைப்பார்கள். பஞ்சு அதிகமானால் அது ஓரிரு நாளில் அமுங்கி, கால் உள்ளே மேலும் கீழும் நழுவும். நழுவினால் கணுக்காலிலும் முன்காலிலும் புதுப் புண் வரும். முதல் கட்டை ஒரு வாரத்துக்குள் பிரித்தாக வேண்டும், ஏனென்றால் வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும். பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது வழக்கம்.

இதன் பலன் இரண்டு இடத்திலிருந்து வருகிறது: முன்பாதத்தின் சுமையைக் கெண்டைக்காலுக்கும் பாதம் முழுவதுக்கும் பங்கிடுவது ஒன்று, நோயாளியால் கழற்ற முடியாதது இன்னொன்று. இரண்டாவது எவ்வளவு முக்கியம் என்பதை 2003-இல் வந்த ஓர் அளவீடு காட்டியது. கழற்றக்கூடிய வாக்கரைத் தந்து அனுப்பப்பட்டவர்கள், தாங்கள் எடுத்த அடிகளில் 28 சதவீதத்தை மட்டுமே அதைப் போட்டுக்கொண்டு எடுத்தார்கள். வீட்டுக்குள் கழற்றிவிடுகிறார்கள். அதே கடை வாக்கரைச் சுற்றி ஒரு சுற்று ஃபைபர்கிளாஸ் கட்டு போட்டுக் கழற்ற முடியாதபடி செய்தபோது, 12 வாரத்தில் ஆறியவர்கள் 52-லிருந்து 83 சதவீதமாக உயர்ந்தார்கள் (2005). பூட்ஸில் ஒரு மாற்றமும் இல்லை. கழற்ற முடிகிறதா இல்லையா என்பது மட்டுமே மாறியது.

வேலை இருப்பது இந்த இடத்தில். சந்தையில் உள்ள முழங்கால் உயர வாக்கர்கள் குளிர் நாட்டுக்கும் நாற்காலி வாழ்க்கைக்கும் செய்தவை. நம் ஊரில் நோயாளி தரையில் உட்கார்ந்து எழுகிறார், குந்துகிறார், வீட்டுக்குள்ளும் பூசையறையிலும் செருப்பு போடமாட்டார், சித்திரை வெயிலில் நடக்கிறார். மாவுக்கட்டு நனையக் கூடாது என்பதால் குளிப்பதே ஒரு போராட்டம். அதற்காகவே ஒரு பகுதியினர் இரண்டாம் வாரம் கட்டு வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் தயாரிப்புத் திட்டம் எழுதினால் இவற்றைச் சேர்ப்போம்: வீட்டுக்கும் வெளிக்கும் மாற்றிப் போடக்கூடிய, கழுவக்கூடிய அடித்தட்டு, மருத்துவமனையில் மட்டுமே திறக்கும் பூட்டு, அவசரத்தில் வெட்டித் திறக்க அடையாளமிட்ட ஒரு கோடு, வியர்வையை வெளியேற்றும் உட்பஞ்சு, எவ்வளவு நேரம் போட்டிருந்தார் என்று பதியும் சின்ன வெப்பநிலை உணரி. அடித்தட்டின் தடிமனால் ஒரு கால் உயர்ந்துவிடும். மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் ஒரு செருப்பைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடுப்பு வலிக்கும், நல்ல காலில் புண் வரும், தடுக்கி விழுவார்கள்.

யாருக்குக் கூடாது என்பதையும் உறையிலேயே அச்சிடுங்கள். ஆழமான கிருமித் தொற்று உள்ளவருக்கும் ரத்த ஓட்டம் மோசமாக உள்ளவருக்கும் கழற்ற முடியாத சாதனம் ஆபத்து. கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். சர்க்கரை நோயாளியின் தமனி சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் அந்த விகிதம் 1.3-க்கு மேல் போய், ஓட்டம் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். கால் பெருவிரல் அழுத்தத்தையும் எடுக்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் முதலில் ரத்தக்குழாய் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

அனுமதிப் பாதையும் இதற்குச் சுலபம். இந்தியாவின் 2017 மருத்துவச் சாதன விதிகளில் ஏ முதல் டி வரை நான்கு ஆபத்து வகைகள். உடலுக்கு வெளியே மாட்டும் சாதனம் கீழ்வகையில் வரும். முன்மாதிரி செய்து, பாத அழுத்த அளவீட்டுத் தட்டில் நடக்கவைத்து, சில வாரங்களில் திருத்தி மறுபடி செய்யலாம். மருந்தில் இந்த வசதி கிடையாது.

டிரெஸ்ஸிங்

ஆய்வகங்களில் இருந்து அதிகம் வருவது இதுதான்: வெள்ளி நானோ துகள், கைட்டோசான், தேன், கொலாஜன், மின்நூற்பு இழை. ஆனால் சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண் ஆற்றும் நோக்கத்துக்காக வெள்ளி, தேன், கொலாஜன், ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுத்த இழை) டிரெஸ்ஸிங்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. காரணம் ஆதாரம் போதாமை. பிரிட்டனில் 317 பேரிடம் நடந்த சோதனையில் (2009) ஒட்டாத சாதாரண வலைத்துணி, அயோடின் டிரெஸ்ஸிங், ஹைட்ரோஃபைபர் (நீரை உறிஞ்சி ஜெல்லாகும் இழை) ஆகிய மூன்றும் 24 வாரத்தில் முறையே 39, 44, 45 சதவீதம் ஆற்றின. புள்ளியியல் கணக்கில் இவற்றுக்குள் வித்தியாசமில்லை. வேரிகோஸ் புண்ணில் வெள்ளி டிரெஸ்ஸிங்கைச் சாதாரண டிரெஸ்ஸிங்கோடு ஒப்பிட்ட 2009 சோதனையிலும் அதே கதை.

இதையும் தாண்டி வந்த ஒன்று சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் ஊறிய டிரெஸ்ஸிங். எக்ஸ்புளோரர் என்ற இரட்டை மறைப்புச் சோதனையில் (யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது) (2018, ஐந்து ஐரோப்பிய நாடுகள், 240 பேர்) 20 வாரத்தில் ஆறியவர்கள் 48-க்கு 30 சதவீதம் (முதல் எண் புதிய தயாரிப்பு, அடுத்தது ஒப்பீட்டுத் தரப்பு) என்று வென்றது. அது வென்ற விதத்தைக் கவனியுங்கள். நரம்புப் பாதிப்பும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்த, கிருமி இல்லாத புண் என்று நோயாளியைக் குறுக்கினார்கள். எதிர்த்தரப்புக்கும் அதே டிரெஸ்ஸிங்தான், மருந்துப் பொருள் மட்டும் இல்லை. புண்ணில் திசுவைக் கரைக்கும் புரோட்டியேஸ் நொதிகளை அடக்குவது என்று ஒரே ஒரு வேலையைச் சொன்னார்கள். டிரெஸ்ஸிங் செய்ய நினைப்பவர்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இது.

ஆய்வகச் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை உறிஞ்சும் திறனைப் பற்றியது. பலர் வெறும் தண்ணீரில் முக்கி எடை போடுகிறார்கள். இ.என். 13726 என்ற ஐரோப்பியத் தரமுறை கேட்கும் திரவம் வேறு: ஒரு லிட்டரில் 8.298 கிராம் சோடியம் குளோரைடு, 0.368 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். 5×5 செ.மீ. துண்டை எடைபோட்டு, அதன் எடையைப்போல் 40 மடங்கு திரவத்தில் 37 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் ஊறவைத்து, ஒரு முனையைப் பிடித்து 30 நொடி தொங்கவிட்டு மறுபடி எடை பார்க்க வேண்டும். ஆல்ஜினேட் போன்றவை சோடியத்தையும் கால்சியத்தையும் மாற்றிக்கொண்டு ஊறுவதால் தண்ணீரில் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அத்தோடு நிற்காமல் 40 மி.மீ. பாதரச அழுத்தத்தின் கீழும் அளந்து பாருங்கள். சும்மா ஊறும்போது பிரமாதமாக இருக்கும் நுரைகள், காலடியில் மிதிபட்டதும் சீழ்நீரைத் திரும்பக் கக்கி, சுற்றியுள்ள தோலை ஊறவைத்து வெளுக்கச் செய்யும். புண் ஓரம் விரிவது அதனால்தான்.

கொலாஜனில் இன்னும் இரண்டு விஷயங்கள். சென்னை மத்தியத் தோல் (பதனிட்ட தோல்) ஆராய்ச்சி நிறுவனத்தில் பல பத்தாண்டுகளாகக் கொலாஜன் வேலை நடப்பதால் தொழில்நுட்பமும் ஆட்களும் இங்கேயே கிடைப்பார்கள். ஆனால் கிருமிநீக்கத்துக்கு வழக்கமான 25 கிலோகிரே காமா கதிர் கொலாஜன் சங்கிலியை அறுத்துவிடும். ஆய்வகத்தில் ஐந்து நாள் தாங்கிய தாள், கதிர் பட்ட பிறகு இரண்டு நாளில் கூழாகலாம். எல்லாச் சோதனையையும் கிருமிநீக்கம் செய்த மாதிரியில்தான் செய்ய வேண்டும். எத்திலீன் ஆக்சைடு வாயுவுக்கு மாறினால் எச்சத்தை வெளியேற்றும் காற்றோட்ட நேரத்தையும் எச்ச அளவையும் நிரூபிக்க வேண்டும். அடுத்து, மூலம் மாடா, பன்றியா, மீனா என்பதை உறையில் தெளிவாக எழுதுங்கள். நம் நோயாளிகள் கேட்பார்கள், கேட்க உரிமையும் உண்டு. மருந்து கலந்தாலோ விலங்குத் திசு சேர்ந்தாலோ விதிப்படி ஆபத்து வகை மேலே ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

வளர்ச்சிக் காரணி ஜெல்

அறிவியல் அழகாக இருக்கும் வழி இது. பெகாப்ளெர்மின் என்ற வளர்ச்சிக் காரணியின் 0.01 சதவீத ஜெல் (ரெக்ரானெக்ஸ்) 1997 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. 382 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 20 வாரத்தில் 50-க்கு 35 சதவீதம். நாளுக்கு ஒரு தடவை சுமார் ஒன்றரை மி.மீ. தடிமனில் தடவி, 12 மணி நேரம் வைத்து, கழுவிவிட்டு ஈரக் காஸ் வைக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டியூப் வாங்கியவர்களிடையே புற்றுநோய் மரணம் அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னதால் 2008-இல் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் இடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) வந்தது. நீண்ட காலத் தரவு பார்த்து 2018-இல் அதை எடுத்தார்கள். அந்தப் பத்து ஆண்டில் சந்தை போய்விட்டது.

ஜெல் ஏன் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை? பழைய புண்ணின் நீரில் எலாஸ்டேஸ், மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் போன்ற நொதிகள் நிரம்பியிருக்கின்றன. தடவிய புரதத்தையே அவை வெட்டித் தள்ளிவிடும். மேலே செத்த சதையும் கிருமிப் படலமும் இருந்தால் மருந்து உயிருள்ள செல்லைச் சேர்வதே இல்லை. பெகாப்ளெர்மின் சோதனைகளிலேயே, செத்த சதையை அடிக்கடி வெட்டி எடுத்த மையங்களில் பலன் கூடுதலாக இருந்தது. கியூபாவின் ஹெபர்புரோட்-பி இதைச் சுற்றிக்கொண்டு போகிறது: தோல் வளர்ச்சிக் காரணியை 75 மைக்ரோகிராம் அளவில் வாரம் மூன்று தடவை, 8 வாரம் வரை, புண்ணுக்குள்ளும் ஓரத்திலும் ஊசியாகப் போடுகிறார்கள். எரிச்சலும் நடுக்கமும் தெரிந்த பக்க விளைவுகள்.

இந்தியாவில் பெகாப்ளெர்மின் ஜெல்லும் தோல் வளர்ச்சிக் காரணி ஜெல்லும் ஏற்கெனவே உள்நாட்டுக் கம்பெனிகள் விற்கின்றன. அதே புரதத்தை இன்னொரு டியூபில் அடைப்பதில் லாபமில்லை. புரோட்டியேஸிலிருந்து காக்கும் உறையோ, வாரம் ஒரு தடவை வைத்தால் போதும் என்னும் மெதுவான வெளியீடோ, குளிர்சாதனம் தேவையில்லாத பொடியோ கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதையும் எலியில் காட்டினால் போதாது. எலியின் தோல் சுருங்கித்தான் காயத்தை மூடும், மனிதத் தோல் பெரும்பாலும் ஓரத்திலிருந்து வளர்ந்து மூடும். வளையம் தைத்துச் சுருங்கவிடாமல் தடுத்த எலியாவது வேண்டும், அடுத்து பன்றி. எந்த விலங்கிலும் இருபது வருடச் சர்க்கரை, மரத்த பாதம், தினசரி நடை ஆகிய மூன்றும் சேர்ந்து வராது. ஆய்வகத்தில் ஜெயித்தவை மனிதச் சோதனையில் வரிசையாகத் தோற்றதற்கு இதுவே பெரிய காரணம்.

உயிருள்ள தோல், ரத்தத்தில் செய்த ஒட்டு

ஆய்வகத்தில் வளர்த்த தோல் தயாரிப்புகளில் அப்லிகிராஃப் சர்க்கரைப் புண்ணில் 12 வாரத்தில் 56-க்கு 38 சதவீதம் (208 பேர்), டெர்மாகிராஃப்ட் 30-க்கு 18. இரண்டுமே பலன் தந்தவை. ஆனால் இரண்டையும் உருவாக்கிய ஆர்கனோஜெனெசிஸ், அட்வான்ஸ்டு டிஷ்யூ சயன்சஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 2002-இல் திவால் மனு கொடுத்தன. காரணம் உற்பத்தி முறைக்குள்ளேயே இருக்கிறது. அப்லிகிராஃபின் ஆயுள் தொடக்கத்தில் 5 நாள். வழக்கமான கிருமியின்மைச் சோதனையின் முடிவு வர 14 நாள். ஆக, இறுதி முடிவு வருவதற்கு முன்பே நோயாளியின் காலில் வைத்தாக வேண்டும். அதற்கேற்ற இடைநிலைச் சோதனைகள், திரும்பப்பெறும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். டெர்மாகிராஃப்ட் மைனஸ் 75 டிகிரியில் பயணம் செய்ய வேண்டும். இந்தியாவில் 2019 புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் செல் சார்ந்த பொருளைப் புதிய மருந்தாகவே பார்க்கின்றன.

செல் வழியில் ஆசை விடாதவர்களுக்கு நாங்கள் காட்டுவது லுகோபேட்ச் வகை. நோயாளியின் 18 மி.லி. ரத்தத்தை எடுத்து, வேறெதுவும் சேர்க்காமல் மையவிலக்கில் சுற்றி, வெள்ளையணுவும் தட்டணுவும் ஃபைப்ரினும் சேர்ந்த ஒரு வில்லையாக்கி அப்போதே புண்ணில் வைக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த 269 பேர் சோதனையில் 20 வாரத்தில் 34-க்கு 22 சதவீதம். கிடங்கு இல்லை, குளிர்ச்சங்கிலி இல்லை. ஒரு குழு செய்ய வேண்டியது மையவிலக்குக் குப்பியும் வடிகட்டியும்தான். வாரந்தோறும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதும், ரத்தசோகை உள்ள நோயாளிகள் நம்மிடம் அதிகம் என்பதும் இதன் தடைகள்.

எதிர்மறை அழுத்தக் கருவிக்கு ஒரு பத்தி போதும். 125 மி.மீ. பாதரச உறிஞ்சல், நுரை, ஒட்டுத்தாள். பாதத்தின் ஒரு பகுதியை வெட்டிய பிறகான புண்ணில் 2005 சோதனை 56-க்கு 39 சதவீதம் காட்டியது. சாதாரணச் சூழலில் பலவகைப் புண்களிடம் நடந்த ஜெர்மானியச் சோதனை 2020-இல் வித்தியாசம் இல்லை என்றது. அறுவைக்குப் பிந்தைய புண்ணுக்கு என்று மட்டும் செய்யுங்கள். விரலிடுக்கில் காற்று கசிவதும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தப்போக்கு வருவதும்தான் கவனிக்க வேண்டியவை. மலிவான பம்பு செய்வது கடினமில்லை, ஆனால் ரத்தம் வந்தால் நின்று அலறும் அமைப்பு இல்லாத பம்பை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மூலிகை: கற்பூரவல்லியும் வல்லாரையும்

நம் வீட்டுத் தொட்டியில் உள்ள இரண்டு செடிகளிலிருந்து தைவானில் ஒரு மருந்து வந்துவிட்டது. ஓ.என்.101 என்ற களிம்பு கற்பூரவல்லியின் ஒரு சாற்றுப் பகுதியும் வல்லாரையின் ஒரு சாற்றுப் பகுதியும் சேர்ந்தது. 236 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் (2021) 16 வாரத்தில் 60.7-க்கு 35.1 சதவீதம். புண்ணில் அழற்சியை நீட்டிக்கும் வகை மேக்ரோஃபேஜ்களை (கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள்) குறைத்து ஆற்றும் வகையைக் கூட்டுகிறது என்பது அவர்கள் சொல்லும் செயல்முறை. ஒப்பீட்டுத் தரப்புக்கு ஹைட்ரோஃபைபர் டிரெஸ்ஸிங் கொடுத்ததால் நோயாளிக்கு எது எது என்று தெரியும். அது ஒரு பலவீனம். ஆயினும் மூலிகைத் தயாரிப்பு ஒன்று இத்தனை ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது பெரிய சாதனை என்றே கருதுகிறோம்.

இங்கே இரண்டு பாதைகள். சித்த மருந்தாக உரிமம் பெறுவது ஒன்று. ஊமத்தை இலைச் சாறு, மயில்துத்தம், தேங்காய் எண்ணெய் சேர்ந்த மத்தன் தைலம் இப்படித்தான் விற்கிறது. இதில் வேகம் உண்டு, ஆனால் மருத்துவமனை அறுவைப் பிரிவு அதை எழுதிக்கொடுக்காது. இன்னொன்று 2015-இல் இந்தியா கொண்டுவந்த ஃபைட்டோஃபார்மசூட்டிக்கல் வகை: தூய்மைப்படுத்திய, தரப்படுத்திய சாற்றுப்பகுதி, அதில் குறைந்தது நான்கு வேதிப்பொருள்கள் அளந்து காட்டப்பட வேண்டும். கற்பூரவல்லி ஆடி மாதம் பறித்ததும் தை மாதம் பறித்ததும் ஒரே சாறு தராது. விவசாயி, நிலம், பறிக்கும் பருவம், உலர்த்தும் வெப்பம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தாமல் முதல் தொகுதிக்கும் ஐந்தாம் தொகுதிக்கும் ஒரே அளவு வராது. இந்த வழியில் தோல்வி பெரும்பாலும் மருத்துவச் சோதனைக்கு முன்பே, தொகுதிக்குத் தொகுதி மாறும் வேதியளவில் வந்துவிடும். முதல் வருடப் பணத்தை அங்கே செலவழியுங்கள்.

எந்த வழியானாலும் சோதனை ஒன்றுதான்

அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்றும் அளவுகோல்: புண் ஆறியது என்றால் தோல் முழுதும் மூடி, நீர் வடியாமல், டிரெஸ்ஸிங் தேவைப்படாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும். 'பாதி சுருங்கிவிட்டது' என்பது ஆறியது ஆகாது. ஆனால் உள்முடிவுக்கு அது நன்றாக உதவும். 203 பேரைப் பின்தொடர்ந்த ஷீஹன் ஆய்வில் (2003) நான்கு வாரத்தில் 53 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவற்றில் 58 சதவீதம் 12 வாரத்தில் ஆறின. சுருங்காதவற்றில் 9 சதவீதம்தான். சின்ன முன்சோதனையில் நான்காம் வாரம் இந்த எல்லையை எட்டவில்லை என்றால் பெரிய சோதனைக்குப் போகாதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 35-லிருந்து 50 சதவீதம் என்ற வித்தியாசத்தை 80 சதவீத வலுவில் (வித்தியாசம் உண்மையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிடிக்க ஒவ்வொரு தரப்பிலும் சுமார் 170 பேர், ஐந்தில் ஒருவர் பாதியில் விலகினால் மொத்தம் 425. வித்தியாசம் 30-லிருந்து 48 என்றால் தரப்புக்கு 114 போதும். வித்தியாசத்தைக் கூட்டிச் சொல்லி ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது சோதனையைத் தோற்கடிக்கும் நேர்வழி.

புண் அளப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காய்ப்பை வெட்டுவதற்கு முன் அளந்தால் உள்ளே மறைந்த பகுதி கணக்கில் வராது; வெட்டிய பிறகு புண் 'பெரிதாகி' மருந்து கெடுத்ததுபோல் தெரியும். எப்போதும் வெட்டிய பிறகே அளக்க வேண்டும். 4 செ.மீ. நீளம் 3 செ.மீ. அகலம் என்றால் பெருக்கி 12 என்று எழுதாமல், நீள்வட்டக் கணக்கின்படி 0.785-ஆல் பெருக்கி 9.4 சதுர செ.மீ. என்று எழுதுங்கள், அல்லது தாளில் வரைந்து கணக்கிடுங்கள். படம் எடுக்கும்போது அளவுகோல் புண்ணின் அதே தளத்தில், கேமரா செங்குத்தாக. படத்தை மதிப்பிடுபவருக்கு நோயாளி எந்தத் தரப்பு என்று தெரியக்கூடாது; மாவுக்கட்டு போன்ற மறைக்க முடியாத சாதனத்துக்கு இது ஒன்றே பாதுகாப்பு. சேர்க்கும் முன் இரண்டு வாரமாவது எல்லோருக்கும் நல்ல அழுத்த நீக்கமும் சுத்தமும் கொடுத்து, அதிலேயே வேகமாகச் சுருங்கும் புண்களை நீக்கிவிடுங்கள். லுகோபேட்ச் சோதனை நான்கு வாரம் காத்திருந்து, பாதிக்கு மேல் சுருங்கியவற்றை நீக்கியது. இப்படிச் செய்யாவிட்டால் தானாக ஆறியிருக்கும் புண்கள் இரு தரப்பையும் நிரப்பி வித்தியாசத்தை மூடிவிடும்.

இரு தரப்புக்கும் ஒரே மாதிரி கழற்ற முடியாத அழுத்த நீக்கம் கொடுக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. கட்டுப்பாட்டுத் தரப்பு நன்றாக ஆறிவிட்டால் தங்கள் மருந்து தோற்கும் என்று. தோற்கட்டும் என்றே சொல்வோம். மாவுக்கட்டுக்கு மேல் எதுவும் கூட்டாத ஜெல்லுக்கு நோயாளி மாதச் சம்பளத்தைக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று: ஆறிய புண்களில் 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன, ஐந்து வருடத்தில் 65. எனவே சோதனைத் திட்டத்திலேயே, புண் மூடிய நாளில் எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பும் மாதாந்தரப் பாதப் பரிசோதனையும் இரு தரப்புக்கும் என்று எழுதி அதற்கும் பணம் ஒதுக்குங்கள். பன்னிரண்டு மாதத்தில் எத்தனை பேருக்குப் புண் திரும்பவில்லை என்பதையும் இரண்டாம் முடிவாகப் பதிவு செய்யுங்கள். மருத்துவர்கள் வாங்கும்போது கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.